தூரிகையும் ஒப்பாரியும்: உளப்புண் ஆற்றும் பணியில் கலைக்கும் சொல்லுக்கும் உள்ள இடம்

முன்னுரை

துயருற்றோரைத் தேற்றுவது ஆயர் பணியின் தலையாய கடமை என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. எவ்வாறு தேற்றுவது என்ற வினாவுக்கு நாம் வழிவழியாகக் கொண்டிருக்கும் விடை மூன்று சொற்களில் அடங்கும்: வாசிப்பு, ஜெபம், அறிவுரை. இம்மூன்றும் அருமையானவை. எனினும் இவற்றில் பேசுகிறவர் ஆயரே. துயருற்றவர் கேட்பவராகவே இருக்கிறார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கடந்த நூறாண்டுகளில் உளமருத்துவத் துறை வேறு இரண்டு வழிகளை நம் முன் வைத்துள்ளது. துயருற்றவரையே பேசவிட்டுக் கேட்பது ஒன்று. அவர் கையில் வண்ணத்தையோ களிமண்ணையோ கொடுத்து, சொல்ல இயலாததை வடிவாக்க விடுவது மற்றொன்று. இவற்றைப் பேச்சுவழி நலமாக்கம், கலைவழி நலமாக்கம் என அழைக்கலாம். நம் குருத்துவக் கல்லூரிகளில் படித்து வெளிவரும் இளைஞர் சிலர் இவ்விரண்டையும் நற்செய்திக்கு நிகராகப் போற்றுகின்றனர். மூத்தோர் சிலர் உலக ஞானம் என்று ஒதுக்குகின்றனர். இரு சாராரும் ஆராயாமல் தீர்ப்புக் கூறுகின்றனர் என்பதே என் குறைபாடு. கொல்லிமலையில் நான் பணியாற்றிய காலத்து நிகழ்ச்சி ஒன்றையும், அம்மலையோடு பிரிக்க இயலாதவாறு பிணைந்த ஓர் அம்மையாரின் வாழ்க்கையையும் முன்வைத்து, இவ்வழிகளின் தகுதியையும் எல்லையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வெள்ளையடிக்கப்பட்ட சுவர்

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் எடப்புளி நாடும் ஒன்று. அங்குள்ள சிற்றூர் ஒன்றில் குருத்துவப் படிப்பு முடிந்த சூட்டோடு நான் ஊழியத்துக்கு அனுப்பப்பட்டேன். தை மாதத்தில் மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறிய பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் தவறி விழுந்து மாண்டான். எங்கள் சபையைச் சேர்ந்த கைம்பெண் ஒருவரின் மூத்த மகன் அவன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒருவர் தோளை ஒருவர் பற்றி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தனர். சாவீடு சாட்சி கூறும் இடம் என்று கற்றிருந்த நான், ஒப்பாரியை நிறுத்தச் சொன்னேன். உயிர்த்தெழுதலின் நம்பிக்கை உடையோர் இவ்வாறு அழலாகாது என்றேன். ரோமர் 8:28ஐ வாசித்துப் பொருளும் கூறினேன். பெண்கள் அடங்கினர். என் சொல்லுக்கு இத்துணை மதிப்பு இருந்ததே என்று அன்று நான் மகிழ்ந்ததை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அந்தத் தாய் அதன்பின் ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வந்தார். ஆனால் யாரோடும் பேசவில்லை. தலை அசைப்பார், காணிக்கை இடுவார், எழுந்து போவார். சபை மூப்பர்கள் அதனை விசுவாசத்தின் அமைதி என்று புகழ்ந்தனர். நானும் அவ்வாறே எண்ணினேன்.

எட்டு மாதங்கள் கழித்து என் மனைவி அவர் வீட்டுக்குச் சென்றாள். மகன் படுத்துறங்கிய மூலையில் சுவரைச் செம்மண்ணால் மெழுகி, சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து ஒரு நெடிய மரத்தை அவர் வரைந்திருந்தார். கிளைகள் இருந்தன, கொடி இருந்தது, ஏறுகிற ஆள் இல்லை. "என்ன மரம்மா இது?" என்று என் மனைவி கேட்டாள். "அவன் ஏறுன மரம், ஐயரம்மா" என்றார். அவ்வளவே. அதன்பின் மாலைவரை பேசினார். அன்று காலை மகனோடு சண்டையிட்டதையும், மிளகு விற்ற காசில் தம்பிக்குச் செருப்பு வாங்க வேண்டும் என்று அவனை விரட்டி அனுப்பியதையும், தானே அவனைக் கொன்றதாக நம்பியதையும் சொன்னார். அழுதார், இடையிடையே பாடினார். நான் நிறுத்திய ஒப்பாரி எட்டு மாதங்கள் அவருக்குள் அடைபட்டுக் கிடந்தது. அதனைத் திறந்தவை ஒரு சுவரும் ஒரு கேள்வியும்.

இக்கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் நல்ல பிரசங்க உவமையாகும். கிறிஸ்துமஸுக்கு முன் எங்கள் வாலிப சங்கத்தார் ஏழைகளின் வீடுகளுக்கு வெள்ளையடித்தனர். அந்தச் சுவருக்கும் அடித்தனர். நான் அருகிலேயே நின்றுகொண்டிருந்தேன். தடுக்க எனக்குத் தோன்றவில்லை. திருச்சபையின் நல்ல எண்ணம் ஒரு தாயின் கையெழுத்தை அழித்தது. பழைய பிழையும் புதிய பிழையும் ஒன்றே: துயரத்தைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்ற அவசரம்.

2. வரலாறு விரைந்து கடந்த ஓர் ஆண்டு

கொல்லிமலையைப் பற்றி எழுதும் எவரும் பிராண்டு தம்பதியரைக் கடந்து செல்ல இயலாது. ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் 1913ஆம் ஆண்டு மணம் புரிந்து இம்மலையில் குடியேறினர். மருத்துவம், பள்ளி, கட்டடம், வேளாண்மை, நற்செய்தி என அவர்கள் பணி விரிந்தது. மக்கள் பாலும் கோனியும் 1923இல் கல்விக்காக இங்கிலாந்தில் விடப்பட்டனர். 1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்டு மலேரியாவின் கொடிய வடிவாகிய கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது 44. இறப்புச் செய்தி தந்தி மூலம் எட்டிய பின்னரும், கப்பலில் வந்துகொண்டிருந்த தந்தையின் கடிதங்கள் மகனுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தன.

பிற்கால வரலாறு பலரும் அறிந்தது. ஈவ்லின் மீண்டும் இந்தியா வந்தார். மிஷன் பணியினின்று ஓய்வு பெற்றபின், ஏறத்தாழ எழுபது வயதில் தாமாகவே மலையேறினார். சுற்றியுள்ள மலைத்தொடர்களிலும் குதிரைமீது சென்று ஊழியம் செய்தார். 1974 டிசம்பரில் 95 வயதில் உயிர்நீத்து, மலையில் கணவர் அருகே அடக்கம் செய்யப்பட்டார். டோரதி கிளார்க் வில்சன் எழுதிய அவரது வாழ்க்கை வரலாறு 1976இல் வெளிவந்தது. மகன் பால் பிராண்டு, தொழுநோயால் செயலிழந்த கைகளுக்கு வேலூரில் அறுவை மருத்துவம் செய்து உலகப்புகழ் பெற்றார்.

நம் மேடைகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் இக்கதை எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதையே நான் திறனாய்வு செய்ய விரும்புகிறேன். "கணவர் இறந்தார், ஆயினும் அம்மையார் மனம் தளரவில்லை" என்று ஒரே மூச்சில் கடந்துவிடுகிறோம். உண்மை அதுவன்று. கணவரை இழந்து தாயகம் திரும்பிய தாயைக் கண்ட மகன் திடுக்கிட்டார். நினைவில் இருந்த துள்ளலும் அழகும் மிக்க தாய்க்கு மாறாக, கூனிக் குறுகிய, முதுமை முந்திக்கொண்ட ஒரு பெண் கப்பலிலிருந்து இறங்கி வந்ததைப் பால் பிராண்டு மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். அந்த உடைவை நாம் ஏன் சொல்வதில்லை? சொன்னால் வீரக்கதை குன்றும் என்று அஞ்சுகிறோம். எடப்புளி நாட்டுத் தாயின் மௌனத்தை விசுவாசம் என்று புகழ்ந்த அதே பார்வைதான் இங்கும் செயல்படுகிறது.

நாம் சொல்லாமல் விடுவது இன்னொன்றும் உண்டு. ஈவ்லின் இளமையில் லண்டனில் ஓவியம் பயின்றவர், மலைக்காட்சிகளைத் தீட்டியவர். அருட்பணிக்கு வந்ததால் தூரிகையை எறிந்துவிட்டவர் அல்லர். ஆனால் நம் நினைவில் அவர் மருந்துப்பெட்டியோடும் குதிரையோடும் நிற்கிறார், வண்ணப்பெட்டியோடு நிற்பதில்லை. கலை என்பது ஓய்வுநேர இன்பம், ஊழியக் கணக்கில் சேராதது என்பது சீர்திருத்தச் சபையாராகிய நம் எழுதப்படாத சட்டம்.

ஓவியமே அவரைத் தேற்றியது என்று இதைக்கொண்டு முடிவு கட்டுவது மிகையாகும். விசுவாசம், பணி, மலைமக்களின் அன்பு, கணவரோடு செய்த பொருத்தனை என யாவும் சேர்ந்தே அவரை நிமிர்த்தின. நான் வலியுறுத்துவது இதுதான்: உடைந்தும் மீண்டும் எழுந்த ஒருவரிடம் உலகத்தைப் பொறுமையாகப் பார்க்கும் பழக்கம் ஒன்று இருந்தது. தீட்டுவதற்காக மலையை உற்றுநோக்குகிறவர் தம் துயரத்துக்கு வெளியேயும் ஒன்றைக் காண்கிறார். பிற்காலத்தில் அவர் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதுகிறார். தம் முகத்தைப் பார்க்க விரும்பாதவர் மலையின் முகத்தைப் பார்க்கச் சலிக்கவில்லை.

இவ்விடத்தில் கசப்பான வினா ஒன்று எழுகிறது. அயல்நாட்டு அம்மையாரின் தூரிகை பண்பாடு என்றும், மலைப்பெண்ணின் ஒப்பாரி அஞ்ஞானம் என்றும் நமக்கு ஏன் தோன்றுகிறது? இரண்டும் கலைகளே. ஒப்பாரிக்கு மெட்டு உண்டு, முறை உண்டு, உவமை உண்டு, குழுவும் உண்டு. இறந்தவரை முன்னிலைப்படுத்திப் பேசும் பேச்சும் அதுவே. கலையும் பேச்சும் ஒன்றாய்ச் சேர்ந்த நலமாக்க முறை ஒன்றை நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்க, அதை நிறுத்திவிட்டு மேனாட்டு நூல்களில் தேடுகிறோம். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு அவர்கள் நாட்டார் மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தபோது எழுந்த எதிர்ப்பை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

3. சொல்லா, வடிவா?

உளமருத்துவ வரலாற்றில் பேச்சுவழி முறைக்குப் பெயர் சூட்டியவர் மருத்துவர் அல்லர், நோயாளி. வியன்னாவில் மருத்துவர் புராயரிடம் 1880 முதல் 1882 வரை சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருவர், பேசப்பேசத் தம் நோய்க்குறிகள் தளர்வதைக் கண்டு, அதனைப் பேச்சு மருத்துவம் என்னும் பொருள்பட அழைத்தார். புராயரும் பிராய்டும் 1895இல் வெளியிட்ட நூல்வழி அப்பெயர் நிலைத்தது. பின்னர் கார்ல் ரோஜர்ஸ் 1940களில், ஆற்றுப்படுத்துநர் விளக்கம் கூறுவதைக் குறைத்து, பரிவோடும் தீர்ப்பிடாமலும் செவிமடுப்பதை மையமாக்கினார். இவர் இளமையில் நியூயார்க் இறையியல் கல்லூரியொன்றில் ஈராண்டுகள் பயின்றவர் என்பது நாம் கருதத்தக்கது.

ஆயர்களுக்கு இவ்விருவரினும் நெருங்கியவர் அன்றன் பாய்சன். அமெரிக்க ஆயராகிய இவர் 1920இல் தாமே கடும் மனநோயுற்று மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். நலமடைந்தபின், 1925இல் உஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களுக்குப் பயிற்சி தொடங்கினார். நூல்களை ஆராய்வதுபோலவே துன்புறும் மனிதரையும் உயிருள்ள ஏடுகளாகக் கருதிப் படிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. ஏட்டைப் படிக்கிறவன் அதில் தன் சொந்த வரியை எழுதிவிடலாகாது அன்றோ? நான் எடப்புளி நாட்டில் செய்தது அதுவே.

கலைவழி நலமாக்கம் என்ற பெயரை 1942இல் வழங்கியவர் ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில். காசநோயால் சானடோரியத்தில் படுத்திருந்த காலத்தில் தாம் வரைந்ததில் கண்ட பயனைப் பிற நோயாளிகளோடு பகிர்ந்துகொண்டார். இத்துறை வளர்ந்தபோது அமெரிக்காவில் இரு கொள்கைகள் பிரிந்தன. மார்கரெட் நாம்பர்க் என்பார், படம் உள்ளத்தின் மறைபொருளை வெளிக்கொணரும் வாயில் என்றும், அதைப்பற்றி நோயாளி பேசுவதே முதன்மை என்றும் கருதினார். எடித் கிராமர் என்பாரோ, படைக்கும் செயலே நலம் தருவது, கட்டுக்கடங்காத உணர்வுக்கு வடிவம் கொடுக்கும் உழைப்பே மருந்து என்றார்.

இவ்விரு கொள்கைகளுள் எதை ஏற்பது? என் மனைவி கேட்ட கேள்வி நாம்பர்க் சொன்னதற்குச் சான்று. அவள் போகுமுன்பே, எவரும் கேளாமல், அந்தத் தாய் செம்மண் மெழுகிச் சுண்ணாம்பில் வரைந்தது கிராமர் சொன்னதற்குச் சான்று. வரையாமல் இருந்திருந்தால் கேள்விக்கு இடமில்லை. கேளாமல் இருந்திருந்தால் மரம் சுவரிலேயே நின்றிருக்கும். வடிவம் துயரைத் தாங்கக்கூடியதாக ஆக்குகிறது. சொல் அதைப் பிறரோடு பகிரக்கூடியதாக ஆக்குகிறது. ஒன்றை மற்றொன்றின் வேலைக்காரியாக்குவது தவறு.

கைத்தொழிலையும் இங்குச் சேர்த்து எண்ணவேண்டும். பால் பிராண்டு அறுவை செய்து சீராக்கிய கைகளோடு வெளியேறிய தொழுநோயாளர் சிலர், பிச்சைக்கு உதவிய பழைய கைகளும் போயின என்று வருந்தித் திரும்பி வந்தனர். தசை இயங்கியது, மனிதன் எழவில்லை. ஆகவே 1950களின் தொடக்கத்தில் வேலூரில் நவஜீவ நிலையம் தோன்றியது. குடிசைகளில் ஒன்றாய் வாழ்ந்து, மரப்பொம்மைகள் செய்யவும், உணர்வற்ற கையைக் காயப்படாமல் காக்கவும் அங்குக் கற்றனர். மருத்துவராகுமுன் தச்சும் கட்டடமும் பயின்றவர் ஆதலால், ஒரு பொருளைச் செய்து முடித்த கை தன்னை வேறுவிதமாக மதிக்கும் என்பதைப் பால் பிராண்டு அறிந்திருந்தார்.

4. ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல்

கவுன்சலிங் என்னும் சொல்லுக்கு ஆற்றுப்படுத்துதல் என்பதைத் தமிழில் வழங்கி வருகிறோம். இச்சொல்லின் வரலாற்றை மாணவர்கள் பெரும்பாலும் எண்ணுவதில்லை. ஆறு என்பது வழி. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை நூல்கள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் மற்றொரு கலைஞனுக்கு வழிசொல்வது அவற்றின் பொதுவமைப்பு. இவற்றுள் கூத்தரை ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம் மலைவழியின் இடர்களை விரித்துரைக்கிறது.

இதனின்று மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, வழிசொல்பவன் வள்ளல் அல்லன், தானும் பசித்திருந்தவன். இரண்டாவது, அவன் மற்றவனைச் சுமந்து செல்வதில்லை, நடப்பவன் வறியவனே. மூன்றாவது, இருவரும் பாணர், பொருநர், கூத்தர் என்னும் கலைஞர். வறுமையைச் சொல்லவும் கலை, வழிசொல்லவும் கலை. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி இத்தகைய கலைஞரைப் புரந்ததாகப் புறநானூறு போற்றுகிறது. நம் மொழி கலையையும் தேற்றலையும் ஒரே பாதையில் வைத்திருந்தது. பின்வந்த நாம்தாம் பிரித்தோம்.

எனினும் அதே கொல்லிமலை நமக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. கொல்லிப்பாவை என்னும் தெய்வப் படிமத்தைச் சங்கப் புலவர் பலர் பாடினர். கண்டோரை மயக்கிக் கொல்லும் பாவை என்பது வழிவழிக் கதை. வடிவம் ஆற்றவும் செய்யும், கட்டிப்போடவும் செய்யும். தன் துயரத்தின் உருவத்தையே நாளெல்லாம் வரைந்து அதனோடு வாழ்கிறவர் நலமடைகிறார் என்று சொல்ல இயலாது. யாத்திராகமம் 20:4 கூறும் விலக்கின் உட்பொருள் இங்கும் பொருந்தும்.

5. மட்டக்களப்பின் சான்று

கலையும் ஆற்றுப்படுத்துதலும் திட்டமிட்டு இணைக்கப்பட்ட தமிழ்ச்சூழலை நாடுவோர் இலங்கைக்குச் செல்லவேண்டும். போர் நடந்துகொண்டிருந்த 1996இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. இயேசு சபைக் குருவும் ஆற்றுப்படுத்துநருமாகிய பால் சற்குணநாயகம் அடிகளும், கனடிய ஓவியர் பால் ஹோகனும் இதில் முன்னின்றனர். தமிழ்ச் சிறாரும் முஸ்லிம் சிறாரும் ஊர்களிலிருந்து ஒன்றாக அழைத்துவரப்பட்டு, பல மாதங்கள் தொடர்ந்து களிமண், வண்ணம், கதை, நாடகம், விளையாட்டு ஆகியவற்றில் ஈடுபட்டனர். நடந்ததைச் சொல் என்று குழந்தையை வற்புறுத்துவது முறையன்று. அது தானாகச் சொல்லும்போது கேட்க ஒருவர் அருகில் இருப்பார் என்பதே முறை.

இதில் நான் போற்றுவது இரண்டு. ஒன்று, காலம்: ஓரிரு நாள் முகாமன்று, மாதக்கணக்கான தோழமை. மற்றொன்று, பகைமைச் சூழலின் இரு பக்கத்துக் குழந்தைகளும் ஒரே களிமண்ணைப் பிசைந்தமை. தனியொருவரின் மனத்தை மட்டும் கருதும் மேனாட்டு முறையினின்று இது முன்னேறியது. புண்பட்டது ஒரு சமுதாயம் என்பதை உணர்ந்தது. அதே மாவட்டத்தில், காணாமற்போனோரின் தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரிடம் தம் துயரைக் கொட்டியதை மானிடவியலார் பேட்ரிஷியா லாரன்ஸ் ஆராய்ந்து எழுதினார். பேச இடமற்றுப்போன மக்கள் பேச இடம் தேடிச் சென்றனர். நம் ஆலயங்கள் அவ்விடமாக இருந்தனவா என்பதே அவ்வாய்வு நமக்கு எழுப்பும் வினா.

6. திருமறையின் ஒளியில்

கலையும் முறையீடும் திருமறைக்குப் புறம்பானவை என்போர் அதை முழுமையாக வாசிக்கவேண்டும். எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் நூலின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரேய நெடுங்கணக்கின் இருபத்திரண்டு எழுத்துகளின் வரிசையில் அமைந்தவை. மூன்றாம் அதிகாரத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் மும்மூன்று வசனங்கள். எரிந்துபோன நகரத்தின் முன் நின்ற கவிஞன் எழுத்தெண்ணிப் பாடியது ஏன்? எல்லையற்ற துயருக்குத் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கலத்தை அவன் தேடினான் எனலாம். சிறைப்பட்டுப் போனோர் நடுவே இருந்த எசேக்கியேலுக்குச் செங்கலில் நகரத்தை வரையுமாறு கட்டளை வந்தது (எசே. 4:1). தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று திருமறை வெளிப்படையாகக் கூறும் பெசலெயேல் ஒரு கைவினைஞன் (யாத். 31:1-5).

பேச்சைப் பொறுத்தவரை, யோபின் நண்பர் மூவரும் ஏழு நாள் வாய்திறவாமல் அமர்ந்திருந்தபோது நல்ல ஆயர்கள் (யோபு 2:13). விளக்கம் கூறத் தொடங்கியபோதே கெட்டனர். எம்மாவு வழியில் உயிர்த்த ஆண்டவர், யாவும் அறிந்திருந்தும் அறியாதவர்போலக் கேட்டு, அவர்களைச் சொல்லவிட்டார் (லூக். 24:19). யவீருவின் மகள் இறக்கும் தறுவாயில் இருக்க, பெரும்பாடுள்ள பெண் உண்மை முழுவதையும் சொல்லும்வரை அவர் நின்றார் (மாற்கு 5:33). உடல் நலம் அவளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. சொல்லி முடித்தபின்பே அவள் மகள் என்று அழைக்கப்பட்டாள். இறையியலார் கார்ல் பார்த் தம் எழுதுமேசைக்கு மேல் குரூனவால்ட் தீட்டிய சிலுவைக் காட்சியின் படியை வைத்திருந்தார். மூல ஓவியம் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோல்வெந்து அழுகும் நோயுற்றோரைப் பராமரித்த மடத்துக்காகத் தீட்டப்பட்டது. அதில் தொங்கும் கிறிஸ்துவின் உடலிலும் புண்கள் உண்டு. நோயாளர் தம் புண்ணை அவர் மேனியில் கண்டனர். வசனத்தின் இறையியலாரே ஓவியத்தை விலக்கவில்லை என்பது நோக்கற்பாலது.

7. எல்லைகள்

இனி எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். கலையும் பேச்சும் எல்லாவற்றையும் ஆற்றும் என்பது புதிய மூடநம்பிக்கை. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, நலவாழ்வில் கலைகளுக்குப் பங்குண்டு என அறிவித்தது. ஆயினும் அவ்வாய்வுகள் அனைத்தும் ஒரே வலிமையுடையன அல்ல. அமெரிக்க உளவியலார் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட சோதனையில், தம் வாழ்வின் கொடிய நிகழ்ச்சியை நான்கு நாள் எழுதிய மாணவர்க்கு உடனே மனம் கனத்தது. பின்வந்த மாதங்களில்தான் அவர்கள் மருத்துவரை நாடுவது குறைந்தது. உடனடி ஆறுதலை வாக்களிப்பவர் இதை எண்ணவேண்டும்.

பேரிடர் நேர்ந்தவுடன் ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறை பிந்திய உளத்துன்பத்தைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் விளைக்கும் என்பது ஆய்வுகளில் தெளிந்த முடிவு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையோர முகாம்களில், வந்து போகும் குழுக்கள் ஒவ்வொன்றும் குழந்தைகளிடம் வண்ணப்பென்சிலைக் கொடுத்து அலையை வரையச் சொன்னதை நினைவுகூர்வோம். படத்தைக் கேட்கிறவர் அடுத்த வாரமும் வருவாரா என்பதே அப்படத்தின் அறத்தைத் தீர்மானிக்கும்.

கடும் மனச்சோர்வு, மனச்சிதைவு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியன ஆயரின் திறமைக்கு உட்பட்டவை அல்ல. தயங்காது மருத்துவரிடம் அனுப்பவேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கியது. நோயாளியைக் குடும்பத்தினின்று பிரிக்காமல், உறவினரையும் உடன் தங்கவைத்து மருத்துவத்தில் பங்குபெறச் செய்தமை அதன் சிறப்பு. அனுப்புதல் கைவிடுதல் ஆகாது. ஆயரும் உடன் செல்லலாம்.

மலைச்சபைகளுக்கு இன்னொரு இடர் உண்டு. ஒரு நாட்டுக்குள் எல்லாரும் எல்லாருக்கும் உறவு. ஒருவர் காதில் சொன்னது மறுநாள் சந்தையில் கேட்கும். கேட்டதைப் பெயர் மாற்றி அடுத்த ஞாயிறே பிரசங்க உவமையாக்கும் நம் பழக்கம், மக்கள் நம்மிடம் பேசாமைக்கு முதற்காரணம். இக்கட்டுரையில் நான் சொன்னதைக்கூட, அந்தத் தாய் உயிரோடிருந்த காலம்வரை எங்கும் சொல்லவில்லை.

இறுதியாக, துன்பம் எல்லாம் மனத்தில் மட்டும் இல்லை. சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் ஆலைக்கென மரவள்ளி பரவியபின், கொல்லிமலை உழவரின் உணவும் கடனும் விலையும் கீழ்நாட்டுச் சந்தையோடு கட்டுண்டன. கூலி குறைந்ததால் கலங்குகிறவனுக்கு வண்ணம் கொடுத்து அமைதிப்படுத்துவது நலமாக்கமன்று, ஏமாற்று. தீர்க்கதரிசியின் கூக்குரலும் ஒரு பேச்சே என்பதை ஆற்றுப்படுத்துநர் மறக்கலாகாது.

முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகள் சில. கலையும் பேச்சும் இறையருளுக்கு மாற்று அல்ல. அருள் செயல்படும் மண்பாண்டங்கள். அவை ஒன்றையொன்று வேண்டுவன. இரண்டுக்கும் காலமும், இரகசியம் காக்கும் ஒரு செவியும் தேவை. நம் மண்ணில் ஏற்கெனவே உள்ள வடிவங்களாகிய ஒப்பாரி, கோலம், மண்வேலை, நாட்டார் பாடல் ஆகியவற்றினின்று தொடங்குவது அயல்நாட்டுக் கருவிகளை இறக்குவதினும் நன்று. குருத்துவக் கல்லூரிகள் பிரசங்கம் செய்யப் பல பருவங்கள் பயிற்றுகின்றன. செவிமடுக்க ஒரு பருவமாவது பயிற்றட்டும். அடக்க ஆராதனை முறையில் புலம்பலின் சங்கீதங்களுக்கு இடம் தருவதோடு, பெண்களின் அழுகைக்கும் இடம் தரட்டும்.

சாவீட்டுக்குச் செல்லும் இளம் ஆயருக்கு ஒரு சொல். வாசிக்கவேண்டிய வசனத்தைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள், தவறில்லை. ஆனால் உள்ளே நுழைந்ததும் முதலில் தரையில் உட்காருங்கள். பெண்கள் அழட்டும். பல நாள் கழித்து மீண்டும் போங்கள். சுவரில் ஏதேனும் வரைந்திருந்தால் அது என்னவென்று கேளுங்கள். வாலிப சங்கத்தார் சுண்ணாம்பு வாளியோடு வந்தால், அந்த ஒரு சுவரை விட்டுவிடச் சொல்லுங்கள்.